கருப்பைக்குள் ஒரு மின்னோட்டம்

(விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

மின்சாரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மேட்டூரும் நெய்வேலியும், தெருவோரத்துக் கம்பமும் கம்பியும்தான். நம் உடம்புக்குள்ளும் மின்சாரம் உண்டு என்று யாரேனும் சொன்னால், "தெரியுமே, இதயத்தில் இருக்கிறது. அதைத்தானே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கிறார்கள்" என்போம். ஆனால் கருப்பையில் மின்சாரம் உண்டா என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். முதலாம் ஆண்டு முடியும்வரை நானும் அப்படி விழித்தவள்தான்.

இக்கட்டுரையை ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுக்க முதலில் கூச்சப்பட்டேன். மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்து படிக்கும் மலராயிற்றே என்று தயங்கினேன். எங்கள் துறைப் பேராசிரியை அம்மா அவர்கள், "இதயத்தைப் பற்றி எழுத வெட்கப்படுவாயா? ஈரலைப் பற்றி எழுத வெட்கப்படுவாயா? பின் இதற்கு மட்டும் ஏனம்மா?" என்று கேட்டார்கள். நாம் எல்லோரும் பத்து மாதம் குடியிருந்த வீடு அது. அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட ஏதும் இல்லை என்று அன்று உணர்ந்தேன்.

எழுதத் துணிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அம்மாவைப் பெற்ற அம்மாச்சியை நான் பார்த்ததில்லை. வீட்டில் அவர்களின் படம்கூட இல்லை. 1985-ஆம் ஆண்டு ஐப்பசி மாத அடைமழையில், எங்கள் ஊர்க் கூரை வீட்டில், என் சின்னம்மாவைப் பெற்ற இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துபோனார்கள். அப்போது என் அம்மாவுக்கு ஐந்து வயது. இரண்டு இரவும் ஒரு பகலும் வலி இருந்ததாம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. நஞ்சும் விழுந்தது. "அதுக்கப்புறம் ரத்தம் நிக்கவே இல்ல" என்று அம்மா சொல்வார். மருத்துவச்சிப் பாட்டி தமக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தாராம். கண்மாய் நிரம்பிப் பாதையை மூடியிருந்ததால் டவுனுக்கு வண்டி கட்டவும் வழியில்லை.

ஊர் அந்தப் பச்சைக் குழந்தையைத்தான் குற்றம் சொன்னது. "பெத்தவள முழுங்கிட்டுப் பொறந்தது" என்றது. நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்தச் சொல் சாகவில்லை. சின்னம்மாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் காதில் யாராவது ஒருவர் அதைப் போட்டுவிடுவார்கள். சின்னம்மாவின் வாழ்க்கை தையல் மிஷினோடு நின்றுவிட்டது. அந்தத் தையல் காசில்தான் நான் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். விலங்கியல் புத்தகத்தை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுபோன அன்று, சின்னம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, எங்கம்மா ஏன் செத்துச்சுன்னு இதுல போட்டிருக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடியபோது கற்றவற்றையே இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

தானே இயங்கும் தசை

கருப்பையின் சுவரில் மூன்று அடுக்குகள் உள்ளன. உள்ளே எண்டோமெட்ரியம், வெளியே பெரிமெட்ரியம், இரண்டுக்கும் நடுவில் தடித்த தசை அடுக்கான மையோமெட்ரியம். நம் கட்டுரையின் நாயகன் இந்த நடு அடுக்கே. சாதாரண நாளில் ஒரு கைப்பிடி அளவே உள்ள கருப்பை ஏறத்தாழ 50 முதல் 70 கிராம் எடை உடையது. நிறைமாதத்தில் அதுவே ஒரு கிலோகிராம் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு தசைச் செல்லும் ஏறக்குறைய பத்து மடங்கு நீளுகிறது.

இந்தத் தசை நம் கைத் தசை போன்றதன்று. கையை மடக்கு என்று மூளை நரம்பு வழியே ஆணையிட்டால்தான் கை மடங்கும். கருப்பைத் தசையோ வரியற்ற தசை. அது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது. நரம்பின் ஆணைக்காகவும் காத்திருக்காது. தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாத பெண்களின் கருப்பையும் பிரசவ காலத்தில் முறையாகச் சுருங்குகிறது. கருப்பைத் தசையில் ஒரு சிறு கீற்றை வெட்டி எடுத்து, தகுந்த உப்புகள் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் செலுத்தித் தொங்கவிட்டால், எந்த நரம்பும் இல்லாமலேயே அது பல மணி நேரம் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் அந்த ஆணை எங்கிருந்து வருகிறது? செல்லுக்குள்ளேயே பிறக்கிறது. அந்த ஆணையைத்தான் மின்சாரம் என்று சொன்னேன்.

செல்லின் வரப்பு

1791-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் லூயிஜி கால்வானி, தவளையின் கால் மின்சாரத்தால் துள்ளுவதைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். உயிருள்ள உடம்பில் மின்சாரம் உண்டு என்ற ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கம். ஆனால் இந்த மின்சாரம் கம்பியில் ஓடுவது போன்றதன்று. கம்பியில் ஓடுவன எலெக்ட்ரான்கள். உடம்பில் நகர்பவை அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற உப்புத் துகள்கள்.

ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய கொழுப்புச் சவ்வு சூழ்ந்துள்ளது. வயலுக்கு வரப்பு எப்படியோ, செல்லுக்குச் சவ்வு அப்படி. வரப்புக்கு உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுதி, ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லி மோல். வெளியே அது 4 அல்லது 5 மட்டுமே. சோடியமோ நேர்மாறாக வெளியே ஏறத்தாழ 140 ஆகவும், உள்ளே 10 முதல் 15 ஆகவும் உள்ளது.

இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிலைத்திருப்பதில்லை. சவ்வில் பதிந்துள்ள ஒரு புரதம் இறைவை இயந்திரம் போல் இடைவிடாது வேலை செய்து, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. இதனை 1957-இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ கண்டறிந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து 1997-இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இனி, ஓய்வில் இருக்கும் செல்லின் சவ்வு பொட்டாசியத்தை மட்டும் சற்றுத் தாராளமாகக் கசியவிடும். நேர் மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம் வெளியே கசியக் கசிய, உட்புறம் எதிர் மின்னூட்டம் பெறுகிறது. இவ்வாறு உண்டாகும் வேறுபாடே ஓய்வுநிலை மின்னழுத்தம். கர்ப்ப காலத்தின் பெரும்பகுதியில் கருப்பைத் தசைச் செல்லில் இது சுமார் 70 மில்லி வோல்ட் அளவுக்கு எதிர்க்குறியில் இருக்கும்.

70 மில்லி வோல்ட் என்பது ஒரு டார்ச் பாட்டரியின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான். இதில் என்ன பெருமை என்று தோன்றலாம். ஆனால் சவ்வின் தடிப்பு ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் பங்கிட்டால் அதில் ஏழு பங்கு மட்டுமே. அந்தத் தடிப்பில் 70 மில்லி வோல்ட் என்றால், ஒரு மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் என்ற கணக்கு வருகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்து நானே வியந்தேன்.

மடைகள்

இந்தச் சவ்வில் அயனிகள் செல்வதற்கென்றே புரதத்தால் ஆன வழிகள் உள்ளன. நம் பாடநூல் இவற்றை அயனிக் கால்வாய்கள் என்கிறது. கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்த எனக்கு இவற்றை மடை என்று சொன்னால்தான் மனத்தில் படிகிறது. கால்வாய் எப்போதும் திறந்தே கிடக்கும். மடையைத் திறக்கவும் வேண்டும், அடைக்கவும் வேண்டும். அதற்கு நேரம் பார்க்கும் நீர்பாய்ச்சி ஒருவர் வேண்டும்.

செல்லின் மடைகளை எவை திறக்கின்றன? சில, சவ்வின் மின்னழுத்தம் மாறினால் திறக்கும். சில, ஹார்மோன் போன்ற வேதிப்பொருள் வந்து ஒட்டினால் திறக்கும். சில, சவ்வு இழுபட்டால் திறக்கும். வேறு சில, செல்லுக்குள் கால்சியம் கூடினால் திறக்கும். ஒவ்வொரு மடையும் தனக்குரிய அயனியைப் பெரும்பாலும் விடுமேயன்றிப் பிறவற்றை எளிதில் விடாது.

மடைகள் உண்டு என்பது முதலில் ஊகமாகவே இருந்தது. இங்கிலாந்தின் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் ஊசிக் கணவாயின் பருத்த நரம்பிழையில் சோதனை செய்து, 1952-இல் நரம்பு மின்னலையை சோடிய, பொட்டாசிய ஓட்டங்களால் கணித முறையில் விளக்கினர். 1963-இல் நோபல் பரிசு பெற்றனர். 1976-இல் ஜெர்மனியில் எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மானும் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் சவ்வின் மேல் வைத்து, ஒரே ஒரு மடை திறப்பதையும் மூடுவதையும் பதிவு செய்தனர். அவர்கள் அளந்த மின்னோட்டம், ஒரு ஆம்பியரை லட்சம் கோடியால் வகுத்து அதில் சில பங்கு. 1991-இல் அவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1998-இல் அமெரிக்காவின் ராடெரிக் மெக்கின்னன் ஒரு பொட்டாசிய மடையின் வடிவத்தையே படம் பிடித்துக் காட்டி, 2003-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு மடை திறந்திருக்கும்போது ஒரு வினாடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அயனிகள் அதன் வழியே பாய்கின்றன.

கால்சியம் என்னும் சாவி

கருப்பைத் தசையில் மிக முக்கியமான மடை கால்சிய மடை. செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம், உள்ளே இருப்பதைப்போல் பத்தாயிரம் மடங்குக்கு மேல். கண்மாய் முட்ட முட்ட நிற்க, வயல் வறண்டு கிடப்பது போன்ற நிலை இது.

ஓய்வுநிலையில் கால்சிய மடைகள் அடைத்திருக்கின்றன. ஏதேனும் ஒரு காரணத்தால் சவ்வின் எதிர் மின்னழுத்தம் குறையத் தொடங்கினால், குறிப்பிட்ட ஓர் அளவைத் தாண்டியதும் இந்த மடைகள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்கிறது. அது நேர் மின்னூட்டம் உடையதாதலால் அழுத்தம் மேலும் குறைகிறது. மேலும் மடைகள் திறக்கின்றன. இந்தத் திடீர் எழுச்சியே செயல்நிலை மின்னழுத்தம். நரம்பில் இந்த வேலையைச் சோடியம் செய்கிறது. கருப்பையில் கால்சியமே மின்னலையையும் எழுப்புகிறது, தசையையும் சுருக்குகிறது.

உள்ளே வந்த கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்கிறது. அந்தக் கூட்டு ஒரு நொதியைத் தூண்டுகிறது. அந்நொதி மையோசின் இழையில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. பாஸ்பேட் சேர்ந்த மையோசின் ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கிறது. தசை சுருங்குகிறது.

கால்சியத்தின் பெருமையை நான் முதலில் கண்டது எங்கள் மாட்டுக் கொட்டத்தில். மூன்றாம் ஈற்றில் எங்கள் பசு கன்று ஈன்ற மறுநாள் எழுந்திருக்க முடியாமல் கழுத்தை மடித்துப் படுத்துவிட்டது. "பால் காய்ச்சல்" என்றார் கால்நடை மருத்துவர். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சில்லிட்டிருந்தது. சீம்பாலோடு கால்சியம் வெளியேறி, ரத்தத்தில் கால்சியம் குறைந்துவிடுவதே இந்நோய். கழுத்து நரம்பில் ஒரு பாட்டில் கால்சியத்தை மெதுவாக ஏற்றினார். ஒரு மணி நேரத்துக்குள் பசு எழுந்து நின்றது. அப்பா அதைத் தெய்வச் செயல் என்றார். இப்படிக் கால்சியம் குறைந்த பசுக்களுக்குக் கருப்பையும் சுருங்காமல் தளர்ந்து, கன்று ஈனுவது தடைப்படுவதும் உண்டு என்பதைப் பின்னால் படித்தபோது, அன்று கொட்டத்தில் பார்த்தது எனக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது.

மடையைத் திறப்பது போலவே அடைப்பதும் முக்கியம். கருப்பை சுருங்கும்போது நஞ்சுக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குறைகிறது. தசை தளரும்போதுதான் குழந்தைக்கு மீண்டும் ஆக்சிஜன் நிறைவாகக் கிடைக்கிறது. ஆகவே வலிக்கும் வலிக்கும் நடுவில் உள்ள ஓய்வு குழந்தையின் மூச்சுக்கான நேரம். அந்த ஓய்வைத் தருவன பொட்டாசிய மடைகள். கால்சியம் உள்ளே கூடியதும் ஒருவகைப் பொட்டாசிய மடை திறந்து, பொட்டாசியத்தை வெளியேற்றிச் செல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. தாராளமாகத் திறக்கும் பெரிய மடை இது.

பத்து மாத அமைதி

இவ்வளவு எளிதில் தானே சுருங்கக்கூடிய தசை, குழந்தை வளரும் காலம் முழுவதும் பெரும்பாலும் அமைதியாக இருப்பது எப்படி? வயிறு நிறைந்த பாரம் இழுத்தும் அது ஏன் சீறுவதில்லை?

இங்கும் காவல் பொட்டாசிய மடைகளே. கர்ப்ப காலத்தின் நடுப்பகுதியில் இவை நிறையப் பொட்டாசியத்தைக் கசியவிட்டு, மின்னழுத்தத்தை ஆழமான எதிர்நிலையில் வைத்திருக்கின்றன. கே.ஐ.ஆர். 7.1 என்ற மடை இக்காவலில் பெரும்பங்கு வகிக்கிறது என்று 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தசை இழுபட்டால் திறக்கும் பொட்டாசிய மடைகளும் உண்டு. குழந்தை வளர்ந்து சுவரை இழுக்க இழுக்க அவை திறந்து, தசையைச் சுருங்கவிடாமல் தடுக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலே புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் இருந்து அமைதியைக் காக்கிறது.

நாள் நெருங்க நெருங்க இக்காவல் தளர்கிறது. மின்னழுத்தம் 70-இலிருந்து 55 மில்லி வோல்ட் அளவுக்கு இறங்குகிறது. திறப்பு எல்லைக்கு அருகில் வந்துவிட்ட செல்லைச் சிறு தூண்டுதலும் எழுப்பிவிடும். ஹெர்க் என்ற பொட்டாசிய மடையின் வேலை பிரசவத்தின்போது அடங்கிவிடுவதால்தான் சுருக்கங்கள் வலுப்பெறுகின்றன என்று ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் கண்டறிந்தனர். உடல் பருமன் மிகுந்த பெண்களிடம் இம்மடை உரிய நேரத்தில் அடங்குவதில்லை என்றும், அவர்களின் பிரசவம் தடைப்படுவதற்கு இது ஒரு காரணம் என்றும் அவர்கள் காட்டினர். அதுவரை அப்பெண்களைச் "சோம்பல் உடம்பு" என்று பழித்த வாய்கள் எத்தனையோ!

ஊர் கூடித் தேர் இழுத்தல்

இதயத்தில் துடிப்பைத் தொடங்கி வைக்க ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு. கருப்பையில் அப்படி நிலையான இடம் எதுவும் இல்லை. இன்று ஒரு மூலையில் தொடங்கும் அலை, அடுத்த முறை வேறு மூலையில் தொடங்கலாம். அப்படியிருக்க, கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் எப்படிச் சுருங்குகின்றன?

தேர்வடத்தை ஒவ்வொருவரும் தனித்தனி நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. எல்லோர் காதிலும் ஒரே குரல் விழவேண்டும். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே அந்தக் குரலைக் கொண்டுபோகும் வழிகளே இடைவெளி இணைப்புகள். கனெக்சின் 43 என்ற புரதம் ஆறு ஆறாகக் கூடி ஒரு செல்லில் அரைக் குழாயையும், அண்டைச் செல்லில் மறு அரைக் குழாயையும் அமைக்கிறது. இரண்டும் பொருந்தினால் அயனிகள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு நேரே சென்றுவிடும்.

1977-ஆம் ஆண்டு ராபர்ட் கார்ஃபீல்டும் அவர் குழுவினரும் எலிகளின் கருப்பையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். கர்ப்ப காலத்தில் காண்பதற்கு அரிதாக இருந்த இவ்விணைப்புகள், ஈனும் நேரம் நெருங்கியதும் பெருகித் தோன்றியதைக் கண்டனர். மனிதர்களிடமும் இவ்வாறே நிகழ்கிறது. ஈஸ்ட்ரோஜன் இவ்விணைப்புகளை வளர்க்கிறது. புரோஜெஸ்டிரான் தடுக்கிறது. இணைப்புகள் பெருகியபின் ஒரு செல்லில் எழும் மின்னலை கருப்பை முழுவதும் பரவுகிறது. அதுவே பெண்கள் அறியும் இடுப்பு வலி.

ஆக்ஸிடாசின்

1906-இல் இங்கிலாந்தின் ஹென்றி டேல், மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதிச் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். 1909-இல் பிளேர் பெல் அதை மகப்பேறு மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். ஆக்ஸிடாசின் என்ற அந்தப் பொருள் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆனது என்று கண்டு, 1953-இல் அதைச் சோதனைச்சாலையிலேயே உருவாக்கியவர் அமெரிக்காவின் வின்சென்ட் து விக்னோ. 1955-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக்ஸிடாசின் தசைச் செல்லின் மேலுள்ள தன் ஏற்பியில் வந்து அமர்ந்ததும், செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியம் விடுவிக்கப்படுகிறது. அக்கால்சியம் குளோரைடு மடைகளைத் திறக்க, சவ்வின் அழுத்தம் மேலும் குறைந்து கால்சிய மடைகளும் திறக்கின்றன. இதே மடைகளை அடைக்கும் மருந்தும் உண்டு. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நிஃபெடிபின் கால்சிய மடைகளை அடைப்பது. மாதம் நிறையுமுன் வலி வந்துவிட்டால், அதைச் சிறிது காலம் தள்ளிப்போட மருத்துவர்கள் இம்மருந்தைப் பயன்படுத்துகிறார்கள்.

குழந்தை பிறந்த பின்

இப்போது சின்னம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்தவுடன், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்களின் வாய்கள் திறந்து கிடக்கின்றன. அவற்றைக் கட்டி மூடுவது எது? அதே கருப்பைத் தசைதான். தசை இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்க, அவற்றின் நடுவே ரத்தக் குழாய்கள் செல்கின்றன. தசை இறுகச் சுருங்கினால் ஒவ்வொரு குழாயும் சுருக்குக் கயிற்றில் அகப்பட்டது போல் நெரிபட்டு மூடிக்கொள்ளும். மருத்துவர்கள் இவ்விழைகளை உயிருள்ள கட்டுகள் என்று அழைக்கிறார்கள்.

தசை சுருங்காவிட்டால் குழாய்கள் திறந்தே இருக்கும். ரத்தம் நிற்காது. பிரசவத்துக்குப் பின் ஏற்படும் பெரும் ரத்தப்போக்குக்கு மிகப் பெரும்பான்மையான காரணம் இந்தத் தளர்ச்சியே. நீண்ட நேர வலி தசையைக் களைக்கச் செய்கிறது. இடைவிடாத உழைப்பில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அமிலம் கூடினால் கால்சியம் உள்ளே பாய்வது குறைகிறது. வலி இருந்தும் பிரசவம் முன்னேறாத பெண்களின் கருப்பையில் இவ்வமிலத்தன்மை மிகுந்திருப்பதை லிவர்பூல் ஆய்வாளர்கள் 2004-இல் கண்டனர். இரண்டு இரவும் ஒரு பகலும் உழைத்த அம்மாச்சியின் தசைச் செல்கள், கடைசியில் மடை திறக்க வலுவின்றி ஓய்ந்துபோயிருக்க வேண்டும்.

"அதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லிவிடாதே" என்று பேராசிரியை அம்மா என்னை எச்சரித்தார்கள். பிறப்புப் பாதையில் கிழிசல் இருந்திருக்கலாம். நஞ்சின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். ரத்தம் உறையாத குறை இருந்திருக்கலாம். பார்த்துச் சொல்ல அன்று ஆள் இல்லை. ஆனால் இந்த நான்கு காரணங்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் பிறந்த குழந்தையின் குற்றம் என்று ஒன்றுமே இல்லை.

குற்றம் இல்லை என்பதோடும் முடியவில்லை. பிறந்த குழந்தை தாயின் மார்பில் வாய் வைத்துச் சப்பும்போது, தாயின் மூளையிலிருந்து ஆக்ஸிடாசின் சுரக்கிறது. பால் இறங்குவதும் அதனால்தான், கருப்பை சுருங்குவதும் அதனால்தான். பெரும் ரத்தப்போக்கை அது ஒன்றே நிறுத்திவிடாது. எனினும் அந்த நேரத்தில் தாய்க்கு உதவக்கூடிய ஆக்ஸிடாசினை உடம்பிலிருந்தே வரவழைப்பது குழந்தையின் வாய்.

இன்று பிரசவம் ஆனவுடன் பத்து யூனிட் ஆக்ஸிடாசின் ஊசி போடவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அம்மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் வீரியம் குறைந்துவிடும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சென்றபோது, ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் குளிர்பெட்டியைத் திறந்து அந்தச் சிறு கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். சுண்டு விரல் அளவுகூட இல்லை. வெப்பத்தைத் தாங்கும் கார்பிடோசின் என்ற மாற்று மருந்தைப் பத்து நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் சோதித்து, அது ஆக்ஸிடாசினுக்குக் குறைந்ததன்று என்று 2018-இல் அறிவித்தார்கள். மின்சாரம் நிலையில்லாத ஊர்களுக்கு அது பெரிய வரம்.

முடிவாக

இக்கட்டுரையை எழுதி முடித்த இரவு, சின்னம்மாவின் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டினேன். மடை, வரப்பு, தேர் என்று சொன்னவையெல்லாம் அவருக்கு உடனே விளங்கின. அயனி மட்டும் விளங்கவில்லை. உப்பு என்று சொன்னதும் விளங்கியது. குழந்தை சப்பினால் தாயின் கருப்பை சுருங்கும் என்ற இடம் வந்தபோது, மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார்: "மருத்துவச்சிப் பாட்டி உன்னத் தூக்கி அம்மா மாருல வச்சுச்சு. நீ குடிச்ச. நான் பாத்தேன்." நாற்பது ஆண்டுகளில் அம்மா இதைச் சொன்னது அன்றுதான் முதல்முறை. இது சொல்லவேண்டிய செய்தி என்று அதுவரை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சின்னம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இத உங்க காலேஜு புஸ்தகத்துல போடுவாங்களா?" என்று கேட்டார். "போட்டா ரெண்டு புஸ்தகம் வாங்கியா. ஒண்ணு வீட்டுல இருக்கட்டும். ஒண்ண ஊர்ல குடுக்கணும்" என்றார்.

தோழர்களே, தோழியரே! நம் ஒவ்வொருவர் ஊரிலும் இப்படிப் பழி சுமக்கும் ஒருவர் இருப்பார். தேர்வு முடிந்ததும் பாடத்தை மூடி வைத்துவிடாமல், அவர்கள் வாசலில் அமர்ந்து அவர்கள் மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். படித்தவர்கள் என்று நம்மை அழைப்பதற்கு அதுவே பொருளாகட்டும்.